‘கல்வியில் தொலைத்தொடர்பு’ தாளில் எந்தெந்தச் செயலிகளைக் கற்றுத்தர வேண்டும்?

ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு இந்தத் தாளை ஒரு பருவம் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள், எந்தச் செயலிகளை வைத்துப் பாடத்திட்டம் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து செயலிப் பட்டியலில் தொடங்காதீர்கள். இன்று பொத்தான் இருக்கிற இடத்தில் அடுத்த ஆண்டு வேறொன்று இருக்கும். உங்கள் மாணவர்கள் வேலைக்குச் சேரும் இடத்தில் செயலியே வேறாக இருக்கும். எந்தக் கருவி வந்தாலும் மாறாத கேள்வி ஒன்றுதான்: ஆசிரியரின் குரல் போய்ச் சேர்ந்த பிறகு, மாணவரின் பதில் எந்த வழியாக, எவ்வளவு நேரத்தில் திரும்பி வருகிறது? தாள் முழுவதையும் இந்தக் கேள்வியைச் சுற்றிக் கட்டுங்கள்.

வரலாற்றுக்கு இரண்டு வாரம் போதும். ஆனால் ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வைக்காமல் எதிரெதிர் உதாரணங்களாகக் கொடுங்கள். இந்தியாவின் ‘சைட்’ திட்டம் (செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை) 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுபோனது. படம் போனது, திரும்பி வர வழியில்லை. பார்த்தவர்களுக்கு என்ன புரிந்தது என்று அறிய ஆய்வாளர்கள் கிராமத்திலேயே தங்க வேண்டியிருந்தது. இதன் பக்கத்தில் பீஸ்சாட்டை வையுங்கள். ஹவாய் பல்கலைக்கழகம் 1971இல் தொடங்கியது, பசிபிக் தீவுகளை ஏடிஎஸ்-1 வழியாக இணைத்தது. படம் கிடையாது, குரல் மட்டும், அதுவும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஆனால் எந்தத் தீவில் இருப்பவரும் கேள்வி கேட்கலாம். இதே போலக் குரலை மட்டும் வைத்து, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1965லேயே தொலைபேசி வலையமைப்பில் மருத்துவர்களுக்கு வகுப்பு நடத்தியிருக்கிறது. மூன்றாவதாக, 1970களில் நிகரகுவாவில் நடந்த வானொலிக் கணிதத் திட்டம். வானொலி ஒருவழிப் பாதைதான். ஆனால் கேள்விக்குப் பின் பாடப் பிரதியிலேயே இடைவெளி விட்டார்கள். பிள்ளைகள் உரக்கப் பதில் சொன்னதும் வானொலி சரியான விடையைச் சொல்லும். திரும்பி வர வழி இல்லாத இடத்திலும் மாணவரைப் பேசவைக்க முடிந்ததற்கு அந்த இடைவெளிதான் காரணம். தெளிவான படத்தைத்தான் நல்ல வகுப்பு என்று நம்பி வருகிற மாணவருக்கு இந்த மூன்றும் போதும்.

அடுத்த நான்கு வாரம் கணக்கு. ‘எவ்வளவு இணையம் வேண்டும்’ என்பதை ஒவ்வொரு மாணவரும் காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். ஓபஸ் ஒலிக்குறிமுறையில் (குரலைச் சுருக்கி அனுப்பும் முறை) நொடிக்கு 24 கிலோபிட் இருந்தால் பேச்சு தெளிவாகக் கேட்கும். ஆனால் பாதையில் 24 மட்டும் போகாது. பேச்சு 20 மில்லிநொடித் துண்டுகளாகப் பிரிந்து போகிறது, அதாவது நொடிக்கு 50 பாக்கெட். ஒவ்வொன்றின் தலையிலும், எங்கே போக வேண்டும், எந்த வரிசையில் என்ற குறிப்புகளாக, ஐபி (நான்காம் பதிப்பு) 20 பைட், யுடிபி 8, ஆர்டிபி 12 என்று 40 பைட் ஏறும். 50 × 40 × 8 = 16,000 பிட். ஆகமொத்தம் நொடிக்கு 40 கிலோபிட், ஒரு மணி நேரத்துக்கு 18 மெகாபைட். அதே வகுப்பில் 600 கிலோபிட் காணொளியைச் சேர்த்தால் அதற்கு மட்டும் 270 மெகாபைட். முகம் தெரிவதற்காக மாணவரிடம் பதினைந்து மடங்கு வாங்குகிறோம். அது தேவையா என்பதை ஒவ்வொரு பாடத்துக்கும் தனியாக முடிவு செய்யப் பழகட்டும். வேதியியல் செய்முறைக்குத் தேவைதான். இலக்கண விளக்கத்துக்கு ஒரு படமும் குரலும் போதும்.

வேகச் சோதனையில் எல்லோரும் டவுன்லோடு எண்ணைத்தான் பார்ப்பார்கள். பாடம் எடுப்பவருக்கும், பதில் சொல்லும் மாணவருக்கும் அப்லோடுதான் முக்கியம். சும்மா இருக்கும் இணைப்பில் நூறு முறை பிங் (ஒரு சிறு பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் சோதனை) அனுப்பி எண்களைக் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு அதே இணைப்பில் பெரிய கோப்பு ஒன்றை அப்லோடு செய்துகொண்டே இன்னொரு நூறு. ரூட்டரின் வரிசையில் பாக்கெட் தேங்கினால் 30 மில்லிநொடியாக இருந்த நேரம் சில நூறாக ஏறும். வீட்டில் ஒருவர் படங்களை ஏற்றும்போது இன்னொருவரின் வகுப்பு ஏன் திக்குகிறது என்பது அந்த இரண்டு வரிசை எண்களிலேயே தெரிந்துவிடும்.

ஆய்வகத்துக்குப் பெரிய செலவு வேண்டாம். பழைய கணினி ஒன்றில் லினக்ஸ், இரண்டு நெட்வொர்க் அட்டைகள், நடுவில் நெட்எம் (இணைப்பை வேண்டுமென்றே மோசமாக்கிப் பார்க்கும் லினக்ஸ் கருவி). ‘ஆசிரியர்’ கணினி ஒரு பக்கம், ‘மாணவர்’ கணினி மறுபக்கம். வழக்கமாகக் கோளாறு வருகிற இடங்கள் மூன்று. நெட்எம் வெளியே போகும் பாக்கெட்டை மட்டும்தான் தாமதப்படுத்தும். ஆகவே இரண்டு அட்டைகளிலும் போட வேண்டும், இல்லாவிட்டால் பாதிப்பு ஒரு திசையில்தான் இருக்கும். தாமதத்தோடு ஏற்ற இறக்கத்தையும் 50 மில்லிநொடி என்று கூட்டினால் பாக்கெட்டுகள் வரிசை மாறி வந்துசேரும்; அதை இழப்பு என்று தவறாக எழுதிவிடுவார்கள். மூன்றாவது, ‘5 சதவீத இழப்பு’ என்று மட்டும் கொடுத்தால் அது சிதறலாக விழும். நிஜ வயர்லெஸ் இணைப்பில் இழப்பு கொத்தாகத்தான் வரும்.

இந்த மூன்றாவதில் நேரம் செலவழியுங்கள், இந்தத் தாளின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு நிமிடப் பேச்சு என்பது 3,000 பாக்கெட். ஐந்து சதவீதம் போனால் 150, அதாவது மூன்று நொடிப் பேச்சு. சிதறலாகப் போனால் ஒலிக்குறிமுறையே இட்டு நிரப்பிவிடும், காதுக்கு லேசான கரகரப்புதான். அதே 150 ஒரே கொத்தாகப் போனால் ஒரு வாக்கியம் முழுசாகக் காணாமல் போகும். அந்த வாக்கியத்தில் ‘அல்ல’ என்ற சொல் இருந்திருந்தால் மாணவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். நெட்எம்மில் கில்பர்ட்–எலியட் மாதிரியை (இணைப்பு நல்ல நிலைக்கும் கெட்ட நிலைக்கும் மாறி மாறிப் போவதாகக் கொள்ளும் கணக்கு) வைத்துக் கொத்து இழப்பை உருவாக்கலாம். இரண்டையும் ஒரே ஒலிப்பதிவில் கேட்கவைத்தால், முக்கியமான வரையறையை இரண்டு முறை சொல்ல வேண்டும், எண்களைத் திரையிலும் எழுத வேண்டும் என்று நீங்கள் தனியாக உபதேசிக்கத் தேவையிருக்காது.

தாமதத்துக்குச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐடியு-டி) ஜி.114 பரிந்துரையைக் காட்டுங்கள்: ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்களுக்குச் சிக்கல் இல்லை, 400ஐத் தாண்டக் கூடாது. பூமியோடு சேர்ந்தே சுற்றி ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறி இறங்கவே கால் நொடி, கேள்வி போய்ப் பதில் வர அரை நொடி. இதனால்தான் அப்படிப்பட்ட வகுப்பில் ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, ஒரே நேரத்தில் நிறுத்துகிறார்கள். பெயர் சொல்லிக் கேட்பது, பேசி முடித்ததும் ‘முடித்துவிட்டேன்’ என்று சொல்வது, கேள்விக்குப் பின் ஐந்து நொடி பொறுப்பது ஆகியவற்றைப் பழக்கமாகவே ஆக்க வேண்டும்.

அறை ஒலியை யாரும் பாடத்திட்டத்தில் சேர்ப்பதில்லை, நீங்கள் சேருங்கள். மைக்கிலிருந்து தூரம் இரட்டித்தால் குரல் 6 டெசிபெல் குறையும். அறையின் எதிரொலி குறையாது. 15–20 சென்டிமீட்டரில் இருக்கும் மலிவான மைக், இரண்டு மீட்டரில் இருக்கும் விலை உயர்ந்த மைக்கைவிட நன்றாகக் கேட்கும். ஒரே அறையில் இரண்டு கருவிகள் ஒரே வகுப்பில் இணைந்தால் ஊளையிடும்; ஒன்றில் மைக்கையும் ஒலிபெருக்கியையும் சேர்த்தே அணைக்க வேண்டும். பாதிப் பேர் அறையிலும் பாதிப் பேர் தொலைவிலும் இருந்தால், அறையில் கேட்ட கேள்வியை ஆசிரியர் திருப்பிச் சொன்ன பிறகே பதில் சொல்ல வேண்டும்.

மதிப்பெண்ணில் பாதியையாவது செய்முறைக்கு வையுங்கள். ஒவ்வொருவரும் 20 நிமிட வகுப்பு. ஏழாவது நிமிடத்தில் பாதையை 128 கிலோபிட்டாகக் குறையுங்கள், காணொளி விழும். பதினான்காவது நிமிடத்தில் இணையத்தையே துண்டியுங்கள்; தொலைபேசிக் கூட்டழைப்பில் வகுப்பு தொடர வேண்டும். எத்தனை நொடியில் மீண்டும் பாடம் தொடங்கியது, எத்தனை மாணவர்கள் பதில் சொன்னார்கள், இரண்டையும் எண்ணி மதிப்பெண் போடலாம்.

‘கல்வியியல் மாணவருக்கு எதற்கு இத்தனை பொறியியல்?’ என்று கேட்பவர்கள் வருவார்கள். இதில் பெருக்கலையும் வகுத்தலையும் தாண்டி ஒன்றும் இல்லை. கரும்பலகையில் கடைசி பெஞ்சுக்குத் தெரியும்படி எழுதப் பழக்குவதை யாரும் ஓவியப் பயிற்சி என்று சொல்வதில்லை. செயலிகளே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. ஒரு வாரம் ஒதுக்குங்கள், அது போதும். கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொலைவகுப்புக்குத் தயாரிக்கும் நேரம் பல நிறுவனங்களில் ஆசிரியரின் பணிநேரத்தில் சேர்வதே இல்லை. பாடத்தைப் பிரிப்பது, ஒலி சோதிப்பது, மாற்று வழி எழுதுவது எல்லாம் இலவச உழைப்பாகிவிடுகிறது. உள்நுழைந்தவர் எண்ணிக்கையை எடுத்து ‘வருகை’ என்று அறிக்கை போடுவதோடு மேலிடத்தின் அக்கறை முடிந்துவிடுகிறது. இது அநியாயம். பாடத்திட்டக் குழுவில் உட்காரும்போது தயாரிப்பு நேரத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

கடைசி இரண்டு வாரம் உடனடிப் பதில் தேவைப்படாத வழிகளுக்கு: மின்னஞ்சல், ஒலிப்பதிவு, எஸ்எம்எஸ். இதில் எஸ்எம்எஸ்ஸைத் தள்ளிவிடாதீர்கள், இணையமே இல்லாதவருக்கும் அது போகும். ஆங்கிலத்தில் 160 எழுத்து இடமிருக்கும். தமிழில் 70 குறியீடுதான். உயிர்மெய்யின் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் ஏறும். ‘நாளை வகுப்பு இல்லை’ என்பது கண்ணுக்கு ஒன்பது எழுத்து. இடைவெளியோடு சேர்த்து 18 குறியீடு. 70ஐத் தாண்டினால் செய்தி 67 குறியீட்டுத் துண்டுகளாக உடையும். ஒரு துண்டு தவறினால் முழுச் செய்தியும் படிக்க முடியாமல் போகலாம். ஒரு வீட்டுப்பாடத்தை, எப்போது, எப்படித் திருப்பி அனுப்புவது என்ற விவரத்தோடு, 70க்குள் எழுதச் சொல்லுங்கள்.