வீட்டு டிஷ்ஷை வெளியூரிலிருந்து பார்க்க எந்தப் பதிவுப் பெட்டி? கேள்வி பதில்

ஜேர்மனியில் 2024 ஜூலை 1 முதல் கேபிள் டிவிக் கட்டணத்தை வீட்டுச் சொந்தக்காரர் நெபன்கோஸ்டனில் (வாடகையோடு வாங்கும் இதர செலவில்) சேர்த்து வாங்க முடியாது. அதன் பிறகு கேபிளை விட்டு, அஸ்ட்ரா 19.2 பாகை கிழக்குச் செய்மதிக்கு டிஷ் பூட்டியவர்களும், பூட்ட நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லோருக்கும் வேண்டியது கிட்டத்தட்ட ஒன்றுதான்: வீட்டில் பதிவாக வேண்டும், அதை வெளியே இருந்து பார்க்க வேண்டும்.

கேள்வி (டோர்ட்மண்ட்): அண்ணா, வேலை முடிந்து ரயிலில் வரும்போது வீட்டில் பதிவானதைப் போனில் பார்க்க வேண்டும். எந்தப் பெட்டி வாங்கலாம்?

பதில்: கடைக்குப் போக முதல் உங்கள் இணைய ஒப்பந்தத்தில் அப்லோட் வேகம் எவ்வளவு என்று பாருங்கள். வெளியே இருந்து பார்ப்பதைத் தீர்மானிப்பது அதுதான். இசட்டிஎஃப் எச்டி அலைவரிசை செக்கனுக்கு ஏறக்குறைய 10 முதல் 12 மெகாபிட் வரை எடுக்கும். 50 மெகாபிட் டிஎஸ்எல் இணைப்பில் அப்லோட் பெரும்பாலும் 10க்கும் 20க்கும் இடையில்தான். படத்தை அப்படியே அனுப்பினால் வீட்டிலிருக்கும் பிள்ளை ஒரு வீடியோ கோல் எடுத்தவுடன் உங்கள் படம் நின்றுவிடும்.

அதனால் பெட்டியில் டிரான்ஸ்கோடிங் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. அதாவது, 10 மெகாபிட் படத்தை அனுப்பும் நேரத்திலேயே 2 மெகாபிட்டாகச் சுருக்கும் சிப் உள்ளே இருக்க வேண்டும். வூ+, டிரீம்பாக்ஸ் போன்ற, எனிக்மா2 மென்பொருளில் ஓடும் பெட்டிகளில் 8001ஆம் போர்ட் (பெட்டிக்குள் போகும் எண்ணிட்ட வாசல்) படத்தை அப்படியே தரும். வூ+வின் டிரான்ஸ்கோடிங் உள்ள மொடல்களில் 8002ஆம் போர்ட் சுருக்கித் தரும். ஒரே கம்பனியின் எல்லா மொடலிலும் இது இருக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். விலை குறைந்த மொடல்களில் முதலில் வெட்டப்படுவது இதுதான். விவரத் தாளில் அந்தச் சொல் இல்லை என்றால் அந்த வசதி இல்லை என்றே எடுங்கள்.

2 மெகாபிட்டில் ஒரு மணித்தியாலம் பார்த்தால் போனில் 0.9 ஜிபி போகும். அப்லோட் 3 மெகாபிட் தடங்கலில்லாமல் கிடைத்தால் போதும்.

கேள்வி (எஸ்ஸன்): எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு கேபிள்தான் வருகிறது. ஒன்றைப் பதிந்துகொண்டு இன்னொன்றைப் பார்க்க ஏலுமா?

பதில்: ஏலும், ஆனால் எந்த இரண்டு என்பதில்தான் விசயம். சாதாரண எல்என்பி (டிஷ்ஷின் முன்னாலுள்ள, அலையை வாங்கும் தலை) நான்கு தளங்களில் வேலை செய்கிறது: செங்குத்தில் கீழ்ப் பட்டை, மேல் பட்டை; கிடையிலும் அதே இரண்டு. பெட்டி 13 வோல்ட் கொடுத்தால் செங்குத்து, 18 கொடுத்தால் கிடை. 22 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞை சேர்த்தால் மேல் பட்டை. ஒரு கேபிளில் ஒரு நேரத்தில் ஒரு தளம் மட்டும் வரும்.

இசட்டிஎஃப் எச்டியின் அதிர்வெண் 11362 மெகாஹெர்ட்ஸ், கிடை. தாஸ் எர்ஸ்ட எச்டி, ஆர்டே எச்டி இரண்டும் 11494 கிடை. மூன்றும் ஒரே தளம். எனவே இசட்டிஎஃப் பதிவாகும்போது மற்ற இரண்டையும் தாராளமாகப் பார்க்கலாம். 3சாட் எச்டி 11347 செங்குத்து. அதைத் தட்டினால் பெட்டி மறுத்துவிடும். இதைத்தான் பலர் பெட்டி பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள்.

நிரந்தரத் தீர்வு, ஒரே கேபிளில் பல தளங்களை அனுப்பும் யூனிகேபிள் எல்என்பியும் எஃப்பிசி டியூனர் உள்ள பெட்டியும். எஃப்பிசி டியூனரில் 8 டிமொடுலேட்டர் (தனித்தனியாக அலை வாங்கும் பகுதி) இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணும் அதற்குரிய அதிர்வெண்ணும் கொடுக்க வேண்டும். அவை எல்என்பியின் மேலேயே அச்சடித்திருக்கும், உதாரணமாக 1210, 1420, 1680, 2040. வீட்டில் இரண்டாவது பெட்டி இருந்தால் அதற்கு முதலாவதின் எண்ணைத் தவறியும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் ஒன்றைத் திறக்க மற்றது கறுத்துப்போகும், இடையிடையே கட்டம் கட்டமாக உடையும். இடையில் பிரிப்பான் வைத்தால் மின் கடத்தும், டயோட் உள்ள வகை வேண்டும். சுவரிலுள்ள பழைய சொக்கெட்டையும் யூனிகேபிளுக்கு ஏற்றதாக மாற்றுங்கள்.

எட்டு மாடிக் கட்டடத்தில் பொது டிஷ் என்றால் நீங்களாக எல்என்பியைத் தொட வேண்டாம். பராமரிப்பவரிடம் மல்டிசுவிச் (டிஷ் அலையை வீடுகளுக்குப் பிரிக்கும் கருவி) என்ன வகை என்று கேளுங்கள்.

கேள்வி (ஸ்டுட்கார்ட்): ரௌட்டரில் 80ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டால் வெளியே இருந்து பார்க்கலாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். இந்தப் பெட்டி ஒரு லினக்ஸ் கணினி. பல மென்பொருட்கள் ரூட் என்ற முழு அதிகாரப் பயனருக்குக் கடவுச்சொல்லே இல்லாமல் வருகின்றன. 80ஐத் திறந்தால் உங்கள் பதிவுகளை அழிக்கவும் அமைப்பை மாற்றவும் உலகத்துக்கே கதவு திறக்கிறீர்கள். 8001ஐ மட்டும் திறந்தாலும், ஸ்ட்ரீமுக்குக் கடவுச்சொல் கேட்கும் தெரிவைத் தனியாகப் போடாவிட்டால் யாரோ ஒருவர் உங்கள் அப்லோட்டில் உட்கார்ந்து படம் பார்ப்பார்.

சரியான வழி விபிஎன், அதாவது வெளியே இருந்து வீட்டு வலைக்குள் வரும் பூட்டிய பாதை. ஃபிரிட்ஸ்பொக்ஸ் ரௌட்டர் வைத்திருந்தால் ஃபிரிட்ஸ் ஓஎஸ் 7.50 முதல் வயர்கார்ட் என்ற விபிஎன் உள்ளேயே இருக்கிறது. ஒழுங்கு இது: முதலில் பெட்டிக்கு ரூட் கடவுச்சொல் போடுங்கள். பிறகு ரௌட்டரில் பெட்டிக்கு எப்போதும் ஒரே ஐபி கிடைக்கும்படி குறியிடுங்கள். அதன் பின் வயர்கார்ட்டில் புதிய இணைப்பு உருவாக்கினால் திரையில் கியூஆர் கோட் வரும்; போனிலுள்ள வயர்கார்ட் செயலியால் அதைப் படியுங்கள். வீட்டு வைஃபையை நிறுத்தி, மொபைல் டேட்டாவில் விபிஎன்னைப் போட்டு, பெட்டியின் ஐபியை உலாவியில் தட்டினால் ஓப்பன்வெப்இஃப் என்ற, பெட்டியை இயக்கும் பக்கம் திறக்க வேண்டும். அங்கே அலைவரிசைக்குப் பக்கத்திலுள்ள ஸ்ட்ரீம் படத்தைத் தொட்டால் விஎல்சி பிளேயர் திறந்து ஓடும். பதிவுக்கு நேரம் குறிப்பதும் அதே பக்கத்தில்தான்.

கேள்வி (கொலோன்): அதெல்லாம் செய்துவிட்டேன். வயர்கார்ட் இணைகிறதே இல்லை. கேபிள் கம்பனி இன்டர்நெட்.

பதில்: உங்கள் இணைப்பு பெரும்பாலும் டிஎஸ்-லைட் என்ற வகையாக இருக்கும். உங்களுக்கென்று தனி ஐபிவி4 முகவரி இல்லை, பல வீடுகளுக்கு ஒன்றைப் பங்கு வைக்கிறார்கள். ரௌட்டரின் முதல் பக்கத்திலேயே அந்தச் சொல் எழுதியிருக்கும். போன் கம்பனி ஐபிவி6 கொடுத்தால் அந்த வழியில் இணையலாம். இல்லையென்றால் இன்டர்நெட் கம்பனியிடம் டுவல் ஸ்டாக் (தனி ஐபிவி4உம் ஐபிவி6உம் சேர்ந்த இணைப்பு) கேளுங்கள். அவர்கள் மறுத்தால் வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி ஒன்றை வைத்து, டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவையைப் போடலாம். பெட்டிக்கு வழி காட்டும் சப்நெட் ரௌட்டராக அதை அமைக்க வேண்டும்.

கேள்வி (ஹம்): மொபைல் டேட்டாவில் வேலை செய்கிறது. அக்கா வீட்டு வைஃபையில் மட்டும் பெட்டி திறக்குதில்லை!

பதில்: அக்கா வீட்டிலும் ஃபிரிட்ஸ்பொக்ஸ்தானே? இரண்டும் 192.168.178 என்றே தொடங்கும். போன் உங்கள் பெட்டியை அக்கா வீட்டுக்குள்ளேயே தேடுகிறது. உங்கள் வீட்டு ரௌட்டரில் மூன்றாவது எண்ணை 77 போல வேறொன்றாக மாற்றி, வயர்கார்ட் இணைப்பைப் புதிதாக உருவாக்குங்கள்.

கேள்வி (பெர்லின்): பெட்டியை எப்போதும் போட்டு வைக்க வேண்டுமா? கரண்ட் பில் பயமாக இருக்கிறது.

பதில்: சாதாரண ஸ்டாண்ட்பையில் திரை மட்டும் நிற்கிறது, பெட்டி விழித்திருக்கிறது. 15 வாட் என்று வைத்தால் வருடத்துக்கு 131 கிலோவாட் மணி. 35 சென்ட் கணக்கில் 46 யூரோ. டீப் ஸ்டாண்ட்பையில் செலவு மிகக் குறைவு, ஆனால் வெளியே இருந்து கூப்பிட்டால் பதில் வராது. பதிவு நேரத்துக்குச் சில நிமிடம் முன்பு தானாக எழும்பும், ஆகவே பதிவு தவறாது.

தேவைப்படும்போது மட்டும் எழுப்ப வேக் ஓன் லேன் (வீட்டு வலை வழியாக எழுப்பும் வசதி) வேண்டும். வாங்கும்போது இதையும் பாருங்கள். பெட்டி லேன் வயரில் இருக்க வேண்டும், வைஃபையில் பெரும்பாலும் எழும்பாது. போனிலுள்ள எழுப்பும் செயலி விபிஎன் வழியாக வேலை செய்வது அரிது, ஏனென்றால் அந்தச் செய்தி வீட்டு வலைக்குள் எல்லோருக்கும் போடும் கூப்பாடு. வயர்கார்ட் அதைக் கடத்தாது. விபிஎன்னில் ஃபிரிட்ஸ்பொக்ஸ் பக்கத்துக்குப் போய், நெட்வொர்க் பட்டியலில் பெட்டியைத் திறந்து, அங்கிருக்கும் பொத்தானால் எழுப்புங்கள்.

கேள்வி (மியூனிக்): எத்தனை டெராபைட் டிஸ்க்? பதிவுகளைக் கணினிக்கு மாற்றினால் பிறகு முன்னே பின்னே ஓட்ட முடியவில்லையே?

பதில்: எச்டி ஒரு மணித்தியாலத்துக்கு 5 ஜிபி என்று கணக்கிடுங்கள். 2 டெராபைட்டில் 400 மணித்தியாலம் நிற்கும், ஒரு குடும்பத்துக்குத் தாராளம். பெட்டியின் மெனுவிலேயே எக்ஸ்ட்4 ஆக ஃபோர்மட் செய்யுங்கள். ஃபேட்32 போட்டால் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு எழுதாது.

மாற்றும்போது நீங்கள் டிஎஸ் என்று முடியும் பெரிய கோப்பை மட்டும் எடுத்திருக்கிறீர்கள். அதே பெயரில் ஏபி, எஸ்சி, மெட்டா, கட்ஸ், ஈஐடி என்று சின்னக் கோப்புகள் பக்கத்தில் இருக்கும். ஏபியும் எஸ்சியும்தான் எந்த இடத்துக்குத் தாவலாம் என்ற வழிகாட்டி. திருப்பிப் பெட்டியில் போடும் எண்ணமிருந்தால் எல்லாவற்றையும் சேர்த்தே நகர்த்துங்கள்.

கேள்வி (பிராங்க்பேர்ட்): ஆர்டிஎல் எச்டியையும் இப்படிப் பதிந்து ரயிலில் பார்க்கலாமா?

பதில்: அதற்காக இந்தப் பெட்டியை வாங்காதீர்கள். ஆர்டிஎல் எச்டி போன்ற, கட்டணம் கட்டிப் பார்க்கும் எச்டி+ அலைவரிசைகள் பூட்டியவை. பூட்டைத் திறக்கும் சிஐ பிளஸ் கார்ட் போட்டால் பதிவதையும் விளம்பரம் தாவுவதையும் அலைவரிசைக்காரரே தடுக்கலாம், வெளியே ஸ்ட்ரீம் பண்ணவும் விடாது. அவற்றுக்கு அவர்களின் செயலியே வழி. ஏஆர்டி, இசட்டிஎஃப் குழும எச்டி அலைவரிசைகள் திறந்தவை, அவற்றில் தடையில்லை. ஏஆர்டி பழைய எஸ்டியை 2025 ஜனவரி 7 அன்று நிறுத்திவிட்டதால், யாராவது எஸ்டி பெட்டியைச் சும்மா தந்தாலும் வேண்டாம்.

கேள்வி (பிரேமன்): லண்டனிலுள்ள மச்சானுக்கும் விபிஎன் கொடுத்தால் என்ன?

பதில்: கொடுக்காதீர்கள். ஜேர்மன் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஆம் பிரிவு தனிப்பட்ட பாவனைக்குப் பதிய இடம் தருகிறது; வெளியாட்களுக்கு மறு ஒளிபரப்பு செய்ய அல்ல. அதோடு வயர்கார்ட் கொடுத்தால் பெட்டி மட்டுமல்ல, உங்கள் வீட்டு பிரின்டர், கமரா எல்லாமே அவர் கைக்கு எட்டும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் ரௌட்டரில் அந்த இணைப்பை மட்டும் அழிக்கலாம், உங்கள் போனின் இணைப்பு அப்படியே இருக்கும்.