வேரை வெட்டினா பேரிக்கா மரம் பட்டுப்போயிடுமா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னாடி பெரிய பேரிக்கா மரம் இருக்குங்க, அடிமரமே ஒன்றரை அடி அகலம். தண்ணி பைப் போட குழி தோண்டினா மூணு அடி தள்ளி கை தடிமன்ல ஒரு வேர் குறுக்க ஓடுது. வெட்டலாமா? – வாசகி, வில்பட்டி, கொடைக்கானல்

பதில்: அவசரப்பட்டு வெட்டிடாதீங்கம்மா. அடிமர அகலத்தைப் போல 3 மடங்கு தூரத்துக்குள்ள, அதாவது உங்க மரத்துக்கு நாலரை அடிக்குள்ள, பெரிய வேர்ல கைவைக்கவே கூடாது, ஏன்னா அங்க இருக்கறதுதான் மரத்தைத் தாங்கிப் பிடிக்கிற வேரு, அதுவும் நம்ம சரிவு நிலத்துல மேட்டுப் பக்கத்து வேர் போச்சுன்னா ஐப்பசி மழையில மண்ணு ஊறி, காத்தும் சேர்ந்து அடிச்சா மரமே கீழ சாஞ்சிடும். 5 மடங்கு தள்ளின்னா ஓரளவு பயமில்ல.

ஆனா எதுக்கு வெட்டணும்? வேருக்கு அடியில கையால மண்ணைப் பறிச்சு பைப்பை உள்ள விட்டா வேலை முடிஞ்சுது. (ஜேசிபிய மட்டும் கூப்பிடாதீங்க, அது வேரைப் பிச்சு எறிஞ்சிடும்.)

வேற வழியே இல்ல, தள்ளி இருக்கற வேரைத்தான் வெட்டணும்னா மார்கழி, தையில இலை கொட்டின அப்புறம் ரம்பத்தால ஒரே சீரா அறுங்க, கோடாலி வேணாம். வெட்டுக்காயத்துல தாரு, பெயிண்ட் எதுவும் பூச வேணாம், மண்ணை உடனே மூடி தண்ணி விடுங்க. பாதிப்பு உடனே தெரியாது, ரெண்டு மூணு வருஷம் கழிச்சுகூட கிளை நுனி காயலாம், பார்த்துக்கிட்டே இருங்க.

மரத்தையே எடுக்கற யோசனை இருந்தா, மலைப்பகுதிக்குன்னு 1955-லயே மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, முதல்ல ரேஞ்சர் ஆபீஸ்ல கேட்டுடுங்க.