கீமோவுக்கு முன் கேட்க வேண்டியது

வணக்கம் மேடம்,

எனக்கு 30 வயது. திருமணமாகி இரண்டு வருடம். மார்பகப் புற்றுநோய், ஹார்மோன் பாசிட்டிவ் வகை. ஆபரேஷன் முடிந்துவிட்டது, மூன்று வாரத்தில் கீமோ. இனி குழந்தை பிறக்குமா என்று டாக்டரிடம் கேட்க நினைத்தேன். மாமனாரும் மாமியாரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். “வேற ஏதாவது கேக்கணுமாம்மா?” என்று டாக்டர் கேட்டதற்கு, “ஒண்ணுமில்லைங்க, உசுரு பொழச்சா போதும்” என்று அத்தை சொல்லிவிட்டார். கணவர் நல்லவர்தான். ஆனால் ஆபரேஷனுக்கு அப்புறம் ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறார். ஏன் என்று கேட்கக் கூச்சம். இந்த நேரத்தில் இதையெல்லாம் நினைப்பது தப்பா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தப்பே இல்லை. பிழைத்து வாழப்போகிறவருக்குத்தான் இந்தக் கேள்வி வரும். கீமோ எழுதும்போதே டாக்டர் இந்தப் பேச்சை எடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சரி, எடுக்கவில்லை. நாளைக்கே போய் நீங்கள் கேளுங்கள். “டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்” என்று நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், பெரியவர்களை அவர்களே வெளியே உட்கார வைத்துவிடுவார்கள்.

நான் மருத்துவர் இல்லை. புற்றுநோய் மருத்துவரான தோழியிடம் சரிபார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகள் சினைப்பையில் இருக்கும் முட்டைகளையும் அழிக்கக்கூடியவை. எவ்வளவு பாதிப்பு என்பது மருந்தையும் அளவையும் வயதையும் பொறுத்தது. உங்கள் வயதில் பலருக்கு மாதவிடாய் திரும்பிவிடுகிறது. ஆனால் மாதவிடாய் வருவதாலேயே முட்டைகள் பழையபடி இருக்கின்றன என்று அர்த்தமில்லை.

அதனால்தான் கீமோவுக்கு முன்பே கருமுட்டைகளை எடுத்து உறைய வைக்கிறார்கள். தினமும் ஹார்மோன் ஊசி போட்டு, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் எடுத்துவிடலாம். மாதவிடாய்க்காகக் காத்திருக்க வேண்டாம், எந்த நாளிலும் தொடங்கலாம். உங்கள் மூன்று வாரம் போதும். ஒரு வாரத்தைத் தயக்கத்தில் விட்டால் இழுபறிதான். ஹார்மோன் பாசிட்டிவ், அதாவது ஹார்மோனால் தூண்டப்பட்டு வளரும் வகை ஆயிற்றே, இந்த ஊசி நோயைத் தூண்டிவிடுமோ என்று பயம் வரும். அதற்காகவே லெட்ரோசோல் மாத்திரையும் கூடவே கொடுத்து, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அதிகம் ஏறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். கணவரின் விந்தணுவோடு சேர்த்துக் கருவாகவும் உறைய வைக்கலாம். 2021ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பதிவு பெற்ற மையமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு வரை சேமித்து வைக்கலாம். செலவு கூடுதல், குழந்தை நிச்சயம் என்றும் யாரும் சொல்ல முடியாது. பணம் புரளாவிட்டால், கீமோ நடக்கும்போது சினைப்பையை ஓய்வில் வைக்கும் கோசெரலின் ஊசி பற்றிக் கேளுங்கள். உறைய வைப்பதற்கு அது ஈடில்லை, ஆனாலும் பயன் உண்டு.

கீமோவுக்கு அப்புறம் ஐந்து வருடமோ அதற்கு மேலோ ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் மாத்திரை இருக்கும். அதுவரை குழந்தைக்குக் காத்திருக்கத்தான் வேண்டும் என்பதில்லை. 2023ல் வெளியான ‘பாசிட்டிவ்’ ஆய்வில், 42 வயதுக்கு உட்பட்ட பெண்கள் ஒன்றரை முதல் இரண்டரை வருடம் மாத்திரை எடுத்துவிட்டு, கருத்தரிக்க இரண்டு வருடம் வரை இடைவெளி விட்டார்கள். முதல் சில வருடங்களில் அவர்களுக்கு நோய் திரும்புவது கூடவில்லை. அதற்கு அப்பால் என்ன என்று இன்னும் கண்காணித்து வருகிறார்கள். டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இனி அந்த ஹால் பாய். அவருக்கு உங்கள் மேல் ஆசை விட்டுப்போயிற்று என்று நீங்களாக முடிவுகட்டாதீர்கள். தையலில் கை பட்டுவிடுமோ, வலிக்குமோ என்று பயந்து ஒதுங்குகிற ஆண்கள் நிறையப் பேர். நோய் ஒட்டிக்கொள்ளும் என்று யாராவது சொல்லிவைத்திருக்கவும் கூடும். ஒட்டவே ஒட்டாது. இன்று ராத்திரி, “உள்ள வந்து படுங்க, பக்கத்துல இருந்தாப் போதும்” என்று கூப்பிடுங்கள். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

கீமோ காலத்தில் உறவு கூடாது என்று பொதுவாகத் தடை இல்லை. ரத்த அணுக்கள் ரொம்பக் குறைந்திருக்கும் நாட்களில் மட்டும் வேண்டாம் என்பார்கள். அந்தக் காலத்தில் கரு உருவாகவே கூடாது; மருந்து போட்ட சில நாட்களுக்கு உடல் திரவங்களிலும் மருந்து இருக்கும். ஆகவே ஆணுறை கட்டாயம். வறட்சியும் எரிச்சலும் வரலாம், ஆசையே எழாமலும் போகலாம். இரண்டுமே மருந்தின் வேலை, உங்கள் குறை இல்லை. வறட்சிக்கு நீர் சார்ந்த ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், ஆணுறை கிழிந்துவிடும். ஹார்மோன் கிரீம் எதையும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கருத்தரிப்பு மையத்துக்குப் போகும்போது பயாப்ஸி ரிப்போர்ட், கீமோ மருந்துகளின் பட்டியல், தொடங்கும் தேதி மூன்றையும் கொண்டுபோங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.