கச்சானில் (நிலக்கடலையில்) பூஞ்சண நஞ்சு இருக்கிறதா என்று எப்படி அறிவது?

அஃபிளாடொக்சின் என்பது கச்சானில் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சு. ஈரலைத் தாக்கும், நாளடைவில் புற்றுநோயையும் கொண்டுவரும். வடஇலங்கையின் வன்னியில் அறுவடைக்கு முந்திய கடைசி வாரங்களில் மண் காய்ந்து கோது வெடித்தாலும், பிடுங்கிய கச்சான் ஈரத்தோடு சாக்கில் கிடந்தாலும் பூஞ்சணம் உள்ளே போய்விடும்.

கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம்? நஞ்சு எல்லாப் பருப்பிலும் பரவியிருக்காது. அரிசிக்குள் கல் மாதிரித்தான்: ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் சுத்தமாக இருக்கும், சாப்பிடும்போது கடிபடும். அதனால்தான் சாக்கின் மேல், நடு, அடி என்று பல இடங்களில் எடுத்து, அரைத்துக் கலந்து ஆய்வுகூடத்தில் சோதிக்கிறார்கள். வீட்டில் என்றால், பச்சையும் மஞ்சளுமாகப் பூத்த, சுருங்கிய, கசக்கும் பருப்புகளைக் கழித்துவிடுங்கள். கழித்ததைக் கோழிக்கும் போட வேண்டாம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இந்த நஞ்சுள்ள கச்சான் பிண்ணாக்கைத் தின்றுதான் செத்தன.

மணலில் வறுத்தால் சரி என்று பலர் நினைக்கிறார்கள். வறுத்தால் பூஞ்சணம் சாகும், நஞ்சு முழுதாகப் போகாது.