தனியாகக் கஷ்டப்படும் வயதானவர்களுக்கு உருப்படியாக உதவ என்ன வழி?

பிறந்தநாளுக்கு முதியோர் இல்லத்தில் ஒரு வேளை சாப்பாடு போடலாம் என்றிருக்கிறேன், அதைவிடப் பயனுள்ளதாக ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சாப்பாடு போடுங்கள், தப்பே இல்லை. ஆனால் இல்லத்தில் இருப்பவர்களுக்குக் கூரையும் மூன்று வேளை சோறும் ஓரளவு உறுதி. யாரிடமும் வாய்விட்டுக் கேட்காமல் தனி வீட்டில் காலம் தள்ளுகிறவர்கள்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. அப்படி ஒருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார்.

நான் திருநெல்வேலிப் பக்கம். இங்கே பீடி சுற்றியே பிள்ளைகளைக் கரையேற்றிய ஆச்சிகள் ஏராளம். அவர்களுக்குச் சேரவேண்டியது பலது ஏற்கெனவே இருக்கிறது, கைக்கு வருவதுதான் பாடு. முதியோர் உதவித்தொகை நம் மாநிலத்தில் 1962லிருந்தே உண்டு, 2023 ஆகஸ்டில் அது 1,200 ரூபாய் ஆனது. அந்தப் பணத்தைக் கொண்டுவரும் வங்கி முகவரின் மெஷினில் இலை சுருட்டித் தேய்ந்துபோன விரல் பதியாது. முந்தானையில் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு விரலாக வைப்பார்கள், அவர் அடுத்த முறை பார்க்கலாம் ஆச்சி என்று போய்விடுவார். பாஸ்புக்கோடு வங்கிக் கிளைக்கே கூட்டிப்போய் ஸ்லிப் எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே வேலை முடியும், ஆனால் கூடப் போக ஆள் வேண்டுமே! ரேஷனிலும் இதே கதைதான். நடக்க முடியாதவர்கள் தங்களுக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்ப அங்கீகாரப் படிவம் இருக்கிறது, அது பலருக்குத் தெரியாது. சிலருக்கு ஆதாரில் வயதைக் குறைத்துப் போட்டிருப்பார்கள், அதனாலேயே உதவித்தொகை மனு தள்ளுபடி ஆகும். இதையெல்லாம் சரிசெய்யக் காசு பெரிதாக வேண்டாம், அலைய ஒரு ஆள் வேண்டும். உங்களால் முடிந்தால் அந்த ஆளாக நீங்கள் இருங்கள் என்பதுதான் என் பதில்.

கண்புரையும் அப்படித்தான். அரவிந்த் கண் மருத்துவமனை மாதிரியான இடங்கள் ஊர் ஊராக முகாம் போட்டு, பஸ்ஸில் கூட்டிப்போய், இலவசமாக ஆபரேஷன் செய்து திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். சிக்கல் அதற்கு அப்புறம்தான். சில வாரங்களுக்கு ஒரு நாளைக்குப் பல தடவை சொட்டு மருந்து விடவேண்டும், தனியாக இருப்பவருக்கு யார் விடுவது? அதற்குப் பயந்தே நிறையப் பேர் பார்வை மங்கியபடியே இருந்துவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி முறை வைத்துப் பார்த்துக்கொண்டால் ஒருவருக்குப் பார்வை திரும்பிவிடும்.

பணமாகத்தான் கொடுக்க முடியும் என்றால், பத்துப் பேருக்கு ஒரு நாள் கொடுப்பதைவிட ஒருவருக்கு மாதாமாதம் கொடுங்கள். அரிசி ரேஷனில் கிடைத்துவிடும். எண்ணெய், பருப்பு, மாத்திரை, கரண்ட் பில், வாடகை, இவற்றில்தான் கழுத்தைப் பிடிக்கும். கையில் கொடுத்தால் குடிகார மகன் பிடுங்கிக்கொள்ளும் வீடுகளும் உண்டு, அங்கே மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் கணக்கு வைத்து நீங்களே கட்டிவிடலாம். தயவுசெய்து போட்டோ எடுக்காதீர்கள். வாழ்நாள் முழுக்க உழைத்துச் சாப்பிட்டவர்கள், கை நீட்டி வாங்குவது ஊருக்குத் தெரிந்தால் அடுத்த மாதம் பட்டினி கிடந்தாலும் கிடப்பார்களே தவிர வாங்க மாட்டார்கள்.

வசதியுள்ள பிள்ளைகள் கைவிட்டிருந்தால் 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் பராமரிப்புத் தொகை கேட்டு மனு கொடுக்கலாம், மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவு போட அதில் இடமுண்டு. கவனிப்பார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த வீட்டையும் கேட்டுத் திரும்பப் பெற வழி இருக்கிறது. பெரும்பாலான அம்மாக்கள் மகன் மேல் மனு கொடுக்கச் சம்மதிக்க மாட்டார்கள். வழி இருக்கிறது என்று சொல்லிவையுங்கள், கட்டாயப்படுத்தவேண்டாம்.

அடி உதை, வீட்டைவிட்டுத் துரத்துவது என்று கண்ணில் பட்டால் மட்டும் காத்திருக்காமல் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணிவரை எடுப்பார்கள். அவருக்காக நீங்களே பேசலாம்.