நாத்துலயே கட்டையோட தரம் தெரிஞ்சிடுமா?

சார், அஞ்சு ஏக்கர்ல தைலமரம் போடலாம்னு இருக்கேன். கட்டை தரத்துக்கான ஜீன் மேப் வந்தாச்சு, இனி நாத்தோட டிஎன்ஏவை டெஸ்ட் பண்ணினாலே போதும்னு ஒரு வீடியோல சொன்னாங்க. நிஜமா?
சரவணன், புதுக்கோட்டை

வணக்கம் சரவணன்,

மேப் வந்து முப்பது வருஷம் ஆச்சு, ஆனா வீடியோக்காரர் சொல்ற மாதிரி டெஸ்ட் வரல.

ஒரே தாய் தகப்பன் மரத்துக்குப் பொறந்த கன்னுங்களை நூத்துக்கணக்குல வளர்த்து, எந்த டிஎன்ஏ துண்டு வந்ததுக்கு கட்டை கனமா இருக்கு, எதுக்கு லேசா இருக்குன்னு பொருத்திப் பாக்கறதுதான் மேப்பிங். இதுக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு மரம் அமெரிக்காவோட தென்கிழக்குல இருக்கற லோப்லாலி பைன். அதோட விதைக்குள்ள முளைக்கு தீனியா இருக்கற சதை தாய்கிட்டேருந்து மட்டுமே வருது, தகப்பன் கலப்பே கிடையாது, அதனால விதையை உடைச்சு அந்தச் சதையை டெஸ்ட் பண்ணினாலே தாய் மரத்தோட மேப்பை போட்டுடலாம், தனியா கிராஸ் கூட பண்ண வேணாம் (இதைப் பத்தி ஆரம்பிச்சா எனக்கு நிறுத்தத் தெரியாது).

அந்த பைன்ல 7-56னு நம்பர் போட்ட ஒரு மரம், நல்லா வளருதுன்னு ப்ரீடருங்க (நல்ல ரகம் உருவாக்கறவங்க) கொண்டாடினது. கட்டையைக் கெட்டிப்படுத்தற பசை மாதிரியான லிக்னின்னு ஒரு பொருள் இருக்கு, அதோட மூலப்பொருளைத் தயாரிக்கறதுல கடைசிப் படிக்கு வேண்டிய சிஏடிங்கற என்சைமோட ஜீன்ல ஒரு காப்பி அதுக்கு வேலை செய்யல. அதை அதோட மகரந்தத்தாலயே சேர்த்தா நாலுக்கு ஒரு கன்னு ரெண்டு காப்பியும் கெட்டுப்போய் வருது, கட்டையை சீவினா பழுப்பு நிறம். இதை 1997ல நார்த் கரோலினா ஆராய்ச்சிக்காரங்க எழுதினாங்க. லிக்னின் அளவு பெருசா குறையல, அதோட சேர்மானமே மாறிப்போச்சு. ஒரே ஜீன், கண்ணாலயே தெரியுது. எல்லா குணமும் இப்படித்தான்னு நினைச்சுக்கிட்டுதான் வீடியோ போடறாங்க.

கட்டையோட கனம் அப்படி இல்ல. அதே பைன்ல 1994ல ஒரே குடும்பத்துல தேடினதுக்கே கனத்தை மாத்தற அஞ்சு இடம் டிஎன்ஏல மாட்டுச்சு, அதுவும் ஓரளவு பெருசா வேலை செய்யறது மட்டும்தான், சின்னச்சின்னது எல்லாம் அந்த வலையில விழாது. அதுலயும் ஒரு குடும்பத்துல கண்டுபிடிச்ச மார்க்கரை (பக்கத்துல இருக்கற ஜீனுக்கு அடையாளமா வெச்சுக்கற டிஎன்ஏ துண்டு) இன்னொரு குடும்பத்துல நம்ப முடியாது, காட்டு மரங்க தலைமுறை தலைமுறையா காத்துல வர்ற மகரந்தத்துல கலந்துகிட்டே இருக்கறதால எந்த மார்க்கர் எந்த ஜீன் வகையோட ஒட்டியிருக்குங்கறது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். அதனாலதான் இப்ப ஒண்ணு ரெண்டு ஜீனைத் துரத்தாம, ஆயிரக்கணக்கான மார்க்கரை மொத்தமா சேர்த்து ஒவ்வொரு கன்னுக்கும் ஒரு ஸ்கோர் போடறாங்க. அந்தக் கணக்குக்கும் முதல்ல நிஜ மரத்துல கட்டையை எடுத்து அளந்தே ஆகணும்.

இதெல்லாம் விதையிலேருந்து புதுசு புதுசா கிராஸ் பண்ற ப்ரீடருக்கு வேண்டியது. நீங்க வாங்கப்போறது குளோன் கன்னுன்னா அது தாய் மரத்தோட நகல், டெஸ்ட்டுக்குக் காசு கொடுக்காதீங்க. உங்க மண்ணு மாதிரி இடத்துல அதே குளோனை போட்டு வெட்டினவங்களைத் தேடிப்பிடிச்சு, எத்தனை டன் வந்துச்சு, மில்லுல என்ன சொன்னாங்கன்னு கேளுங்க.