பிளைத்பரோ கோயிலின் வானதூதர்களைச் சுட்டது யார்? – கேள்வி பதில்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபோக் மாவட்டத்துச் சதுப்பு நிலத்தை ஒட்டிய மேட்டில் நிற்கிறது பிளைத்பரோ ஊரின் பரிசுத்த திரித்துவப் பங்குக் கோயில். பெரும்பகுதி பதினைந்தாம் நூற்றாண்டுக் கட்டடம். அதைப் பற்றிச் சிலர் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

கேள்வி: சில நூறு பேர் மட்டுமே வாழும் ஊர் என்கிறார்கள். அதற்கு ஏன் இவ்வளவு பெரிய கோயில், ஐயா?

கட்டிய காலத்தில் அது சிற்றூர் இல்லை. பிளைத் ஆற்றின் வழியாகக் கடலிலிருந்து கப்பல்கள் ஊர்வரை வந்தன. மீனும் சரக்கும் சந்தையும் இருந்தன. பக்கத்திலேயே அகுஸ்தீன் சபைத் துறவிகளின் மடம். புதிய கோயில் எழுப்ப 1412-இல் நான்காம் ஹென்றி மன்னர் அனுமதி தந்தார். பழைய கோயிலின் கோபுரத்தை மட்டும் விட்டுவைத்து, மற்றவற்றைப் புதிதாகக் கட்டினார்கள். வசதியுள்ளவர்கள் உயிலில் கோயிலுக்குப் பணம் எழுதிவைப்பது அன்றைய வழக்கம். தங்கள் ஆன்மாவுக்காக யாராவது மன்றாட வேண்டும் என்பது அவர்கள் கவலை. அண்டை ஊர்களான சவுத்வோல்டும் வால்பர்ஸ்விக்கும் அதே நூற்றாண்டில் பெரிய கோயில்களைக் கட்டிக்கொண்டிருந்தன. பக்திக்குள் கொஞ்சம் போட்டியும் கலந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

பிறகு கப்பல்கள் பெரிதாயின, ஆறு தூர்ந்தது, எட்டாம் ஹென்றி காலத்தில் மடமும் மூடப்பட்டது. ஊர் வற்றிப்போனது. ஆனால் அந்த வறுமையைக் குறை சொல்லிவிடாதீர்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கேள்வி: நான் கட்டடப் பொறியியல் படிக்கிறேன். அந்தப் பகுதியில் நல்ல கட்டடக் கல் கிடைக்காது என்று படித்தேன். அப்படியானால் எதைக் கொண்டு கட்டினார்கள்?

சிக்கிமுக்கிக் கல்லைக் கொண்டுதான். வயலிலும் கடற்கரையிலும் அள்ளிக்கொள்ளலாம். ஆனால் அது உருண்டையாகவும் ஒழுங்கில்லாமலும் இருக்கும். அதை வைத்துக் கூர்மையான மூலை எடுக்க முடியாது. அதனால் சுவரின் உடம்புக்குச் சிக்கிமுக்கியும் சுண்ணாம்புச் சாந்தும், மூலைகளுக்கும் சன்னல் சட்டங்களுக்கும் தூண்களுக்கும் வெளியிலிருந்து தருவித்த வெட்டுக்கல்லும் பயன்பட்டன. கல்லைத் தரைவழியே வண்டியில் இழுப்பது பெரும் செலவு. படகு வரும் ஊர் என்பதால்தான் இது கட்டுப்படியானது.

சிக்கிமுக்கியை உடைத்தால் உள்முகம் கறுத்து, கண்ணாடிபோல் மின்னும். அந்த முகத்தை வெளியே காட்டி, வெளிர்நிற வெட்டுக்கல்லோடு சேர்த்துப் பதித்து எழுத்துகளும் கோலங்களும் அமைத்தார்கள். கல் இல்லாத ஊர்க்காரர்களின் சாமர்த்தியம் அது.

கேள்வி: கூரையிலுள்ள வானதூதர்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

இதற்காகத்தான் பலர் அங்கே போகிறார்கள். நடுக்கூடத்துக்கும் பீடப் பகுதிக்கும் இடையே வளைவுச் சுவர் எதுவும் கிடையாது. ஒரே கூரை மேற்கிலிருந்து கிழக்குவரை ஓடுகிறது. குறுக்கு உத்தரங்களின் நடுவில் இருவர் இருவராக, முதுகோடு முதுகு ஒட்டி, இறக்கை விரித்த மரத் தூதர்கள். ஒருவர் கிழக்கே பார்க்கிறார், மற்றவர் மேற்கே. கைகளில் குலச்சின்னக் கேடயங்கள். பணம் கொடுத்த குடும்பங்களை விண்ணுலகத்திலும் மறக்கக் கூடாதல்லவா?

வானதூதர் கூரைகள் பெரும்பாலும் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில்தான் இருக்கின்றன. லண்டனில் 1390-களில் ஹியூ ஹெர்லண்ட் என்ற தச்சர் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்கு அமைத்த கூரை இவற்றுக்கெல்லாம் மூத்தது. பிளைத்பரோவில் எனக்குப் பிடித்தது சிற்பத்தைவிட வண்ணம்தான். வெள்ளைப் பூச்சின்மேல் அச்சுத்தகடு வைத்துத் தீட்டிய சிவப்பு, பச்சைப் பூக்கள் மங்கிப்போய் இன்னும் தெரிகின்றன. யாரும் புதிதாக வண்ணம் அடித்துக் கெடுக்கவில்லை.

கேள்வி: அந்தச் சிற்பங்களில் குண்டு பாய்ந்த துளைகள் இருக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில், கிராம்வெல் காலத்துப் பியூரிட்டன் படையினர் (கோயில் உருவங்களை வெறுத்த தீவிரச் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள்) சுட்டது என்று வழிகாட்டி ஒருவர் சொன்னார். சரிதானா?

இல்லை. 1970-களில் சிற்பங்களைப் பழுதுபார்த்தபோது ஈயக் குண்டுகள் அகப்பட்டன. அவை பதினெட்டாம் நூற்றாண்டு வகையைச் சேர்ந்தவை. கோயில் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் 1761-இல் வெடிமருந்துக்கும் குண்டுக்கும் செலவெழுதியிருக்கிறது: கூரையில் கூடு கட்டிய ஜாக்டா பறவைகளைச் சுடுவதற்கு! காக்கை இனத்தைச் சேர்ந்த சிறு பறவை அது. ஆக, வானதூதர்களைச் சுட்டது மத வெறியில்லை. காக்கை விரட்டப் போன உள்ளூர் ஆட்கள்தான்.

கேள்வி: அப்படியானால் பியூரிட்டன்கள் எந்தக் கேடும் செய்யவில்லை என்கிறீர்களா? எனக்கு உடன்பாடில்லை.

நான் அப்படிச் சொல்லவில்லை. படங்களையும் உருவங்களையும் அழிக்க உள்நாட்டுப் போரில் மன்னரை எதிர்த்த நாடாளுமன்றத் தரப்பால் அமர்த்தப்பட்ட வில்லியம் டவுசிங் 1644 ஏப்ரலில் இங்கே வந்தார். செய்ததை நாள்வாரியாகக் குறித்துவைத்த மனிதர் அவர். வரலாற்றாசிரியருக்கு அவ்வளவு நேர்மையான பகைவன் கிடைப்பது அரிது. இருபது வானதூதர்களை இறக்கும்படி உத்தரவிட்டார். அந்த உத்தரவு முழுதாக நிறைவேறவில்லை என்பதற்கு, மேலே மிஞ்சியிருப்பவர்களே சாட்சி. வண்ணக் கண்ணாடிக்குத்தான் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. சன்னல்களின் உச்சியில் சில துண்டுகள் மட்டுமே இன்று எஞ்சியுள்ளன.

கேள்வி: ஆனால் உள்ளே அவ்வளவு வெளிச்சம்! அது கட்டியவர்களின் நோக்கம் இல்லையா?

பாதி நோக்கம், பாதி விபத்து. தூண்வரிசைக்கு மேலே ஒவ்வொரு பக்கமும் 18 சன்னல்கள் வைத்தவர்கள் வெளிச்சத்தை விரும்பியவர்கள்தான். ஆனால் அவர்கள் எதிர்பார்த்தது வண்ணக் கண்ணாடி வடிகட்டிய ஒளி. நாம் இன்று வியக்கும் வெள்ளை வெளிச்சம், உடைத்தவர்கள் அறியாமல் தந்தது.

கேள்வி: வடக்குக் கதவில் பேய் நாயின் நகக் கீறல் இருக்கிறதாமே?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது என்று தெரியும். 1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. கடும் புயல். இடி விழுந்து கோபுரத்தின் கூர்முனை சரிந்து, கூரையைப் பிளந்து உள்ளே விழுந்தது. வழிபாட்டில் இருந்த சிலர் இறந்தார்கள். அதே நாளில் பங்கே ஊர்க் கோயிலிலும் இதே போன்ற சாவு. ஆபிரகாம் ஃபிளெமிங் என்பவர் உடனே ஒரு சிறு பிரசுரம் எழுதிக் கறுப்பு நாயைக் கொண்டுவந்து சேர்த்தார். அது நன்றாக விற்பனையாகும் சரக்கு. கதவில் இருப்பவை கருகிய தழும்புகள். பழைய ஆங்கிலேய வீடுகளின் உத்தரங்களில் மெழுகுவர்த்திச் சுடரை வேண்டுமென்றே காட்டி ஏற்படுத்திய தழும்புகளை நிறையப் பார்க்கலாம். தீயையும் தீமையையும் விரட்டும் நம்பிக்கை அது. கதவுத் தழும்புகளும் அந்த இனம் என்றே எனக்குப் படுகிறது. நாயை நான் ஏற்கவில்லை.

கேள்வி: இருக்கைகளில் என்ன சிற்பம்?

பாவங்களும் பருவகால வேலைகளும் இரக்கச் செயல்களும். சோம்பேறி படுக்கையில் கிடக்கிறான், பெருந்தீனிக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், கருமி பணப்பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறான். மறையுரை சலித்தால் பக்கத்து இருக்கையைப் பார்த்தாலே போதும்.

கேள்வி: வறுமையைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னீர்களே?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பணமிருந்த ஊர்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். ‘புதுப்பிக்கிறோம்’ என்று பழைய சாந்தைச் சுரண்டினார்கள், கூரையை மாற்றினார்கள், புது ஓடு பதித்தார்கள். பிளைத்பரோவிடம் காசில்லை. கட்டடம் அவ்வளவு சிதைந்து, 1881-இல் ஆபத்தானது என்று ஆயரே மூடிவிட்டார். நிதி திரட்டி 1884-இல் திறந்தார்கள். அதற்குள் கலைஞரும் எழுத்தாளருமான வில்லியம் மாரிஸ் 1877-இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் குறுக்கே வந்தது: பழுதுபாருங்கள், புதிதாக்காதீர்கள் என்று. பங்குக் குருவுக்கு எரிச்சல்தான். மழை ஒழுகும் கோயிலில் பூசை நடத்துபவர் அவர்தானே. இருந்தாலும் செங்கல் தரை, நிறம் மங்கிய கூரை, வெளுத்த மரம் எல்லாம் தப்பின. முந்நூறு ஆண்டு வறுமையோடு மாரிஸ் கூட்டத்தின் பிடிவாதமும் சேர்ந்து காப்பாற்றிய கோயில் இது.

கேள்வி: இன்றும் வழிபாடு நடக்கிறதா, அல்லது அருங்காட்சியகமா?

பங்குக் கோயில்தான், வழிபாடு உண்டு. 1682-ஆம் ஆண்டு எனப் பொறித்த மரப் பொம்மை ஒன்று மணியடித்துத் தொடக்கத்தை அறிவிக்கும். இசை நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. 1969 ஜூனில் ஆல்டுபரோ இசை விழாவின் முதல் இரவிலேயே விழா நடக்கும் ஸ்னேப் அரங்கம் தீப்பற்றி எரிந்தபோது, இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் மொஸார்ட்டின் ஓபராவை இங்கே கொண்டுவந்து நடத்தினார். ஞாயிறு காலையில் போனால் வழிபாடு முடியும்வரை கேமராவைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். அதற்குப் பிறகு, முடிந்தால் ஒரு தொலைநோக்கியோடு இருக்கையில் சாய்ந்து மேலே பாருங்கள்.